ஆக்ஸில் முறிந்தது யார் தவறு? முறிவு முகத்தைப் பாருங்கள்

ஒர்க்ஷாப்பில் போட்ட புது ஆக்ஸில் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) 400 கி.மீ.யிலேயே முறிந்து, நீங்கள் விரட்டி ஓட்டியதுதான் காரணம் என்று அவர்கள் சொல்கிறார்களா? உடைந்த துண்டுகளை ஒர்க்‌ஷாப்பில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். காரணம் நீங்கள் ஓட்டிய விதமா, அவர்கள் வேலையா என்பதற்குச் சாட்சி முறிவு முகம்தான், அதாவது உடைந்த இடத்தில் தெரியும் உலோகப் பரப்பு. பிரஷ் போட்டுத் தேய்க்காமல், இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்க்காமல், நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள்.

முகம் முழுக்க ஒரே மாதிரி புதிதாக இருந்தால், ஒரே அடியில் சுமை ஏறி முறிந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து சிப்பி ஓட்டு வரிகள்போல வளைகோடுகள் விரிந்தால், விரிசல் மெல்ல வளர்ந்திருக்கிறது. அந்தத் தொடக்கப் புள்ளியில் சுத்தியல் வடுவோ கீறலோ இருந்தால் பொருத்தியவர்களிடம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

முறிவு சிவி ஜாயின்ட்டில் (ஆக்ஸில் முனையில் வளைந்து சுழல விடும் குண்டு மூட்டு) என்றால், அதை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கழற்றுங்கள். குண்டுகள் காய்ந்து நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் போதவில்லை, அல்லது உறையின் கிளாம்ப் சரியாக இறுகாமல் கிரீஸ் வெளியேறிவிட்டது.

அடுத்த ஆக்ஸில் போடும்போது:

1. ஆக்ஸிலைச் சக்கர ஹப்பில் இறுக்கும் பழைய ஹப் நட் வேண்டாம், புதியது கேளுங்கள்.
2. அந்த நட்டின் கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), சர்வீஸ் மேனுவல் அளவுப்படி. அடித்து முறுக்கும் இம்பாக்ட் கன்னோடு நிறுத்த விடாதீர்கள்.

ஒன்று மட்டும்: சஸ்பென்ஷனை மிகவும் தாழ்த்தியிருந்தாலோ எஞ்சின் சக்தியைக் கூட்டியிருந்தாலோ, குறையில்லாமல் பொருத்திய ஆக்ஸிலும் முறியலாம். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.