இஸகாயாவில் எதைத் துணிந்து கேட்கலாம்?

தம்பி, தோக்கியோவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், பிப்ரவரியில் அலுவலக நண்பர்கள் மூவருடன் ஒசாகா, ஃபுகுவோகா, குமமோட்டோ என்று ஒரு வாரம் சுற்றப் போவதாகவும், இரவுச் சாப்பாடு எல்லாம் இஸகாயாவில்தான், அதாவது மதுவோடு சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பாடும் தரும் ஜப்பானியக் கடையில்தான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மாட்டிறைச்சி தொடமாட்டேன், மது பழக்கமில்லை, மற்றபடி எதையும் சாப்பிடுவேன், அப்படிப்பட்டவன் அங்கே பயமில்லாமல் எதைக் கேட்கலாம், துணிந்து எதை ருசி பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி. பதினாறு ஆண்டுகளாகத் தோக்கியோவின் நிஷிகசாயில் குடும்பத்தோடு இருக்கிறேன். வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போய், இரவில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும் கடைகளில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவம் நிறைய உண்டு. அதிலிருந்து முதலில் ஒன்று சொல்கிறேன். அங்கே பெயரைக் கேட்டதும் மிரள வைக்கிற பண்டங்களில் பாதி, குடல் குழம்பும் கருவாடும் தின்று வளர்ந்த நமக்குப் பழக்கமானவைதான். நம்மைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் சாதுவாகத் தோன்றும் பண்டம்.

கடைக்குள் நுழைந்தவுடன் சூடான ஈரத் துண்டு வரும், கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிமிடமே என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நண்பர்கள் "தோரியாஎஸு நாமா", அதாவது இப்போதைக்கு பீர் என்பார்கள், நீங்கள் "ஊலோன்சா" என்று சொன்னால் பனிக்கட்டி போட்ட ஊலோங் தேநீர் வந்துவிடும். அதை உயர்த்தி "கன்பாய்" சொன்னால் போதும், ஏன் குடிக்கவில்லை என்று பெரும்பாலும் யாரும் துருவமாட்டார்கள். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வந்து நிற்கும். தோக்கியோவில் அதற்கு ஒதோஷி என்றும் ஒசாகாப் பக்கம் ட்சுகிதாஷி என்றும் பெயர். அது இலவசம் அல்ல. ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். முதல் வாரம் நான் இதைக் கண்டு சண்டைக்குப் போகப் பார்த்தேன். இடத்துக்கான வாடகை என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

சாதாரணப் பண்டங்களில் தொடங்குவோம். உப்பிட்டு வேகவைத்த பச்சை சோயா காய், குளிர்ந்த தோஃபு, மடித்துச் சுட்ட முட்டை, பொரித்த கோழி ஆகியவை ஏறக்குறைய எல்லாக் கடையிலும் கிடைக்கும், யாருக்கும் ஒத்துக்கொள்ளும். பொரித்த கோழியுடன் வரும் எலுமிச்சையை மட்டும் மற்றவர்களைக் கேட்காமல் தட்டு முழுக்கப் பிழிந்துவிடாதீர்கள். நட்பே முறிந்துவிடும் என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். குளிர்ந்த தோஃபுவின் மேல் மரச் சீவல் போல ஒன்று சுருண்டு நெளியும். அது கட்சுவோபுஷி, அதாவது அவித்துப் புகையிட்டுக் கல்லாகக் காய்ந்த சூரை மீனைச் சீவியது. எங்கள் தூத்துக்குடி வீட்டில் மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பல் செய்யும் வாசனை நினைவிருந்ததால் எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. தாஷி என்ற வடிசாறு பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. முட்டையிலும் குழம்பிலும் வேகவைத்த கீரையிலும்கூட அது கலந்திருக்கும் என்பதால், உங்கள் குழுவில் சைவர் யாராவது இருந்தால் "மீன் இல்லை" என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். தாஷி இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு இரவாவது யாகிதோரி என்ற, குச்சியில் குத்திச் சுட்ட கோழி விற்கும் கடையில், மேசையை விட்டுவிட்டு அடுப்புக்கு எதிரே உள்ள பலகையில் உட்காருங்கள். ஒடுக்கமான நீள அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும். கடைக்காரர் இடது கை விசிறியால் சாம்பலை ஒதுக்கியபடி, வலது கையால் பத்துப் பன்னிரண்டு குச்சிகளை ஒவ்வொன்றாகத் திருப்புவார். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் அந்தக் குச்சி மட்டும் ஓரத்துக்கு நகரும். உப்பா, தாரே என்ற இனிப்புச் சாறா என்று கேட்பார். ஈரலுக்குத் தாரே, மற்றதற்கெல்லாம் உப்பு என்பது என் கட்சி. இங்கே நீங்கள் தயங்கவே வேண்டியதில்லை: ஹாட்சு என்பது இதயம், சுனாகிமோ என்பது இரைப்பை, நன்கொட்சு குருத்தெலும்பு, கவா தோல், போன்ஜிரி வால்பகுதி. ஐரோப்பிய நண்பர்கள் இவற்றைச் சாகசம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். கோழிக் குழம்பில் ஈரலுக்கும் இரைப்பைக்கும் அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் வீட்டில் பிறந்தவனுக்கு இதில் என்ன சாகசம்?

உங்களுக்கு உண்மையான சிக்கல் மாட்டிறைச்சியில்தான் வரும், அதுவும் நீங்கள் போகும் ஊர்களில் கூடுதலாக. தோக்கியோப் பக்கம் வெறுமனே "நிகு", அதாவது இறைச்சி என்றால் பன்றியாகவும் இருக்கலாம்; ஒசாகா வட்டாரத்தில் அடைமொழி இல்லாத நிகு என்றாலே மாடு. நிகுஜாகா என்ற உருளைக்கிழங்குக் குழம்பு இங்கே பன்றியில் வரும், அங்கே மாட்டில் வரும். ஒசாகாவின் ஷின்செகாய் பகுதியில் குஷிகட்சு என்று மாவில் தோய்த்துப் பொரித்த குச்சி விற்பார்கள். பெயர் எதுவும் சேர்க்காமல் "குஷிகட்சு" என்று மட்டும் கேட்டால் மாடுதான் வரும். தாமரைக் கிழங்கு, காடை முட்டை, இறால், வெங்காயம், சிவப்பு இஞ்சி என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். சில கடைகளில் பொரிக்கும் கொழுப்பே மாட்டுக் கொழுப்பு என்பதால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுச் சாறு பாத்திரம் இருக்கும் கடையில் ஒரு முறைதான் முக்கலாம். கடித்ததைத் திரும்ப முக்கினால் திட்டு விழும். ஃபுகுவோகாவில் நண்பர்கள் நிச்சயம் மோட்சுநாபேக்கு இழுப்பார்கள். முட்டைக்கோசும் பூண்டும் மிளகாயும் போட்டுக் கொதிக்கும் அந்தக் குடல் சட்டி பார்க்க நம் ஊர்க் குழம்பு போலவே மயக்கும், ஆனால் பெரும்பாலும் மாட்டுக் குடல். அதற்குப் பதில் அதே ஊரின் மிஸுதாகி என்ற கோழிச் சட்டியைக் கேளுங்கள். எலும்போடு வேகவைத்த கோழியின் வெள்ளைச் சாறு, குளிரில் அமிர்தம். "க்யூனிகு தபேராரெமாசென்", அதாவது மாட்டிறைச்சி சாப்பிட முடியாது என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்து, உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள்.

இனித் துணிச்சல் விஷயம். பிப்ரவரி என்பதால் ஷிரகோ கிடைக்கும். மெனுவில் அதை மழுப்பலாக மொழிபெயர்த்திருப்பார்கள். ஆண் மீனின், பெரும்பாலும் காட் மீனின், விந்துப் பை அது. எனக்கு முதலில் அதைக் கொடுத்தது செந்தாய் நகரில் ஒரு முதிய கடைக்காரர். வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, ஆட்டு மூளையைச் சின்னக் கிண்ணத்தில் வைத்தது போல இருந்தது. மேலே புளிப்புச் சாறும் நறுக்கிய வெங்காயத் தாளும். பார்வைக்கு மூளை, வாயில் வைத்தாலும் மூளைதான்: நாக்கில் பட்டதும் கரைகிறது, மீன் வாடை இல்லை. மூளை வறுவல் சாப்பிட்டிருந்தால் இதையும் சாப்பிடுவீர்கள். மனம் ஒப்பாவிட்டால் மாவில் தோய்த்துப் பொரித்த ஷிரகோவில் தொடங்கலாம்.

குமமோட்டோவில் குதிரை இறைச்சியைப் பச்சையாக, மெல்லிய துண்டுகளாக வைப்பார்கள். பஸாஷி என்று பெயர். இனிப்பான சோயா சாறு, துருவிய இஞ்சி, பூண்டு ஆகியவற்றோடு தருவார்கள். வாடை துளியும் கிடையாது, கொஞ்சம் இனிக்கும். எனக்குத் தொண்டையில் இறங்குவதற்குத் தடையாக இருந்தது சுவையல்ல, ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் குதிரைதான். இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன், இன்றுவரை மூன்றாவது துண்டு சாப்பிட்டதில்லை. ஆனால் அதே ஊரின் கராஷி ரென்கோனை விடாதீர்கள். தாமரைக் கிழங்கின் துளைகளில் கடுகுக் காரத்தை அடைத்து, மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்தது. மூக்கின் உச்சிக்கு ஏறும். ஃபுகுவோகாவில் மிளகாயில் ஊறிய மீன் சினையான மென்தாய்கோவும் அப்படியே. 1949-இல் நகாசு கடைத்தெருவில் விற்கத் தொடங்கிய பண்டம் இன்று அந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. காரத்துக்கு ஏங்கிக் கிடக்கும் நமக்கு இவை இரண்டும் மருந்து. கணவாயை அதன் குடலோடு உப்பில் ஊறவைத்த ஷியோகரா மட்டும் எனக்கு இன்னும் வசப்படவில்லை.

ஒன்றில் மட்டும் துணியவேண்டாம் என்பேன், அது பச்சைக் கோழி. இரண்டாம் ஆண்டில், ஒரு ரயில் நிலையத்துக்கு அருகே, வெளியே லேசாகச் சுட்டு உள்ளே இளஞ்சிவப்பாக இருந்த கோழியை மரியாதைக்காகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பிடித்தன, ஐந்து நாள் எழவில்லை. காம்பிலோபாக்டர் கிருமி என்றார் மருத்துவர். பச்சை மாட்டு ஈரலை 2012-இலும் பச்சைப் பன்றி இறைச்சியை 2015-இலும் அரசு தடை செய்துவிட்டது. கோழிக்கு நாடு முழுவதற்குமான அப்படியொரு தடை இல்லாததால் இன்னும் சில கடைகளில் வைக்கிறார்கள். ஃபுகுவோகாவின் எள் போட்ட பச்சைக் கானாங்கெளுத்தி அருமையானதுதான், ஆனால் மீனில் இருக்கும் அனிசாகிஸ் புழு வசாபியிலும் வினிகரிலும் சாகாது, உறைய வைத்தாலோ சூடாக்கினாலோதான் சாகும். அதனால் அன்றன்று மீன் எடுக்கும் நல்ல கடை என்று உள்ளூர் நண்பர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

கடைசியில் ஷிமே என்று வயிற்றை முடித்துவைக்க ஒரு பண்டம் கேட்பது வழக்கம். ஓசாசுகே சொல்லுங்கள்: சோற்றின் மேல் சூடான தேநீரோ தாஷியோ ஊற்றி, உமேபோஷி என்ற புளித்த உப்பு ஊறுகாய்ப் பழம் ஒன்றை நடுவில் வைத்துத் தருவார்கள். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினால் பில் வரும். டிப்ஸ் வைக்கவேண்டாம், வைத்தால் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.