தடுப்பூசிப் பக்கத்தில் காணாமல் போன ‘பத்து’

கேள்வி: ‘இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு தடுப்பூசியைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் படித்தது இப்போது அங்கே இல்லை. வேறொன்று இருக்கிறது. முன்பு சொன்னது பொய்யா, அல்லது இப்போது மறைக்கிறார்களா? எதை நம்புவது?’

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அப்படிப்பட்ட ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் மருத்துவப் பக்கங்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் எழுதியதைப் படித்து, சரிபார்த்து, தமிழில் எழுதுகிறவன். தடுப்பூசி தொடர்பான பக்கங்களையெல்லாம் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாக அதைத்தான் திறப்பேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தகவல் மாறிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், எதனால் மாறியது என்று பாருங்கள். புதிய சான்று வந்ததால் வாக்கியம் மாறியிருக்கலாம். சான்று அப்படியே இருக்க, வாக்கியம் மட்டும் மாறியிருக்கலாம். தீங்கு செய்வது இந்த இரண்டாவது வகை. அது பெரும்பாலும் கண்ணில் படாத அளவுக்குச் சிறியதாக இருக்கும்.

எவ்வளவு சிறியது என்று காட்டுகிறேன். தட்டம்மைத் தடுப்பூசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: கடுமையான ஒவ்வாமை ஏற்படுவது ‘சுமார் பத்து லட்சம் ஊசிகளுக்கு ஒன்று’. ஒரு நாள் காலை, செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தபோது கடைசி மாற்றத்துக்கு எதிரே −16 என்று இருந்தது. பதினாறு பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) குறைந்திருக்கிறது என்று பொருள். எதை மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘எழுத்துப்பிழை’ என்று போட்டிருந்தார்கள். கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்கோ அதன் மேல் ஏறும் குறிக்கோ மூன்று பைட் செலவாகும். ‘பத்து’ என்ற சொல்லுக்குப் பதினைந்து, அதற்கு அடுத்த இடைவெளிக்கு ஒன்று. ஆக, போனது ‘பத்து’. பக்கத்தில் மிச்சம் இருந்தது ‘சுமார் லட்சம் ஊசிகளுக்கு ஒன்று’. ஆபத்து பத்து மடங்கு கூடிவிட்டது. அடியில் இருந்த மேற்கோள் எண் அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அந்த எண்ணைப் பார்க்கும் எவரும் ஆய்வே அப்படிச் சொல்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

தவறுதலாக அழிந்திருக்கலாம் என்று எண்ணி மீளமைத்தேன். மறுநாளும் −16. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கெட்ட வார்த்தை எழுதிப் போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவற்றைத் தானியங்கிகளே பிடித்துவிடும், இல்லையென்றால் முதலில் பார்க்கும் வாசகர் சொல்லிவிடுவார். ‘தடுப்பூசியே சதி’ என்று பத்தி பத்தியாக எழுதி ஒட்டுகிறவர்களும் அப்படியே. அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் அதிகம். மாதக்கணக்கில் நிற்பது ஒரு எண், ஒரு இடைச்சொல், ஒரு காலக்குறிப்பு.

அதிலும் தமிழில் ‘இன்னும்’ என்ற சொல் செய்யும் வேலை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. ‘ஆய்வுகளில் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு எதுவும் கண்டறியப்படவில்லை’ என்பது தெளிவான வாக்கியம். தேடினார்கள், கிடைக்கவில்லை. இதில் ஒருவர் ‘இன்னும்’ சேர்த்தார். ‘தொடர்பு எதுவும் இன்னும் கண்டறியப்படவில்லை.’ இலக்கணப் பிழை கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் பொய்யும் கிடையாது. ஆனால் படிக்கிற தாயின் மனத்தில் என்ன விழுகிறது? தொடர்பு எங்கோ ஒளிந்திருக்கிறது, கண்டுபிடிப்பதற்குத்தான் நாள் ஆகிறது என்று விழுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலான தேடலின் முடிவைத் தேடலின் தொடக்கமாக அந்த ஒரு சொல் மாற்றிவிடுகிறது. வரலாற்றில் அது +22 என்று பதிவாகியிருந்தது. சுருக்கத்தில் ‘நடை திருத்தம்’ என்று இருந்தது. நான் அதைக் கவனித்தபோது மூன்று வாரம் கடந்திருந்தது. அந்த மூன்று வாரத்தில் யார் யார் படித்துவிட்டு என்ன முடிவு எடுத்தார்களோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தேடல் எவ்வளவு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள், அவ்வளவுதான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியின் மீது சந்தேகம் கிளம்பியது அங்கிருந்துதான். 2004இல் உடன் எழுதியவர்களில் பத்துப் பேர், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் இதழ் கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயர் நீக்கப்பட்டது. இதற்கிடையே டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வந்தது. அதே நாட்டில் 6,57,461 குழந்தைகளை வைத்துச் செய்த இன்னொன்று 2019இல் வந்தது. இரண்டிலும் தொடர்பு தெரியவில்லை. 138 ஆய்வுகளைத் திரட்டி, 2.3 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைப் பார்த்த மதிப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்டது. அதிலும் அந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புக்கான சான்று இல்லை. இத்தனையையும் தாண்டி ஒருவர் ‘இன்னும்’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

இத்தகைய கலைக்களஞ்சியங்களில் பெரியதான விக்கிப்பீடியா தொடங்கியது 2001இல். அதாவது, வேக்ஃபீல்ட் கட்டுரை உயிரோடு இருந்த காலத்திலேயே அதைப் பற்றிய பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. அன்றைக்கு ‘சர்ச்சை’ என்று எழுதியவர்கள் பின்னர் ‘மோசடி’ என்று எழுத வேண்டி வந்தது. இது மறைப்பு இல்லை. கட்டுரை விழுந்தது, பக்கம் அதைச் சொல்லியது. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு மருத்துவப் பக்கங்களுக்கென்று கடுமையான மேற்கோள் விதி இருப்பதில் வியப்பில்லை: தனி ஆய்வு ஒன்றை மட்டும் வைத்து மருத்துவ முடிவை எழுதக் கூடாது, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட மதிப்பாய்வு, நடைமுறை வழிகாட்டி, பெரிய மருத்துவ அமைப்பின் அறிக்கை ஆகியவற்றை வைத்தே எழுத வேண்டும். செய்தித்தாள் போதாது. 12 குழந்தைகள் கட்டுரை இன்று புதிதாக வந்தால் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

இந்த விதியால் ஒரு சங்கடமும் உண்டு. அது என் கையாலேயே நடந்தது. 2021 மார்ச்சில் ஆஸ்ட்ராஜெனெகா கோவிட் தடுப்பூசிப் பக்கத்தில் புதிய பயனர் ஒருவர் இரத்தம் உறைதல் பற்றி ஒரு வரி சேர்த்தார். மேற்கோளாக அவர் கொடுத்தது நாளிதழ்ச் செய்தி. விதிப்படி நீக்கினேன். நீக்கியதோடு நிறுத்தாமல், ‘பீதி கிளப்ப வேண்டாம்’ என்று சுருக்கத்தில் எழுதினேன். ஏப்ரல் 7ஆம் தேதி ஐரோப்பிய மருந்து முகமை, தட்டணுக்கள் குறைவதோடு சேர்ந்து வரும் அந்த அசாதாரண உறைவை மிக அரிதான பக்கவிளைவாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும், பயன் ஆபத்தைவிட அதிகம் என்றும் அறிவித்தது. அன்றே அந்த வரியை, இந்த முறை முகமையின் அறிக்கையை மேற்கோளாக வைத்து, நானே திரும்பச் சேர்த்தேன். நீக்கியது சரி, நல்ல மேற்கோள் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ‘பீதி’ என்று எழுதியது தவறு. அவருடைய பேச்சுப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை, அதன் பிறகு தொகுக்கவும் வரவில்லை.

பக்கவிளைவை எழுதினால் மக்கள் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நல்லெண்ணத்தோடு அந்தப் பகுதிகளைச் சுருக்கிவிடும் தொகுப்பாளர்களும் இருக்கிறார்கள். இவர்களோடு நான் இன்றும் சண்டை போடுகிறேன். 1955இல் அமெரிக்காவில் கட்டர் ஆய்வகம் தயாரித்த போலியோ ஊசி மருந்தின் சில தொகுதிகளில் வைரஸ் முழுமையாகச் செயலிழக்காமல் இருந்தது. சுமார் 200 பேருக்குக் கை கால்கள் செயலிழந்தன, 10 பேர் இறந்தார்கள். 1998இல் அனுமதி பெற்ற முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து, குழந்தைகளுக்குக் குடல் மடிந்து அடைத்துக்கொள்ளும் பிரச்சினையால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த இரண்டு மருந்துகளையும் தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். இவையெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும். ஒரு கெடுதியை மறைத்தது தெரிந்துவிட்டால், அதே பக்கம் சொல்லும் நூறு நன்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நீங்கள் பார்த்தது அநேகமாக ஊசிகளின் எண்ணிக்கை போன்ற ஒரு மாற்றமாக இருக்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வந்தபோது மூன்று ஊசி. 2014இல் உலக சுகாதார அமைப்பு, 15 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கு இரண்டு போதும் என்றது. 2022 டிசம்பரில், 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசியும் போடலாம் என்றது. மூன்று, இரண்டு, ஒன்று என்று மாறினால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால், ஊசி போட்டுக்கொண்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. குறைந்த ஊசியே காக்கிறது என்று தெரிந்த பிறகும் பக்கம் ‘மூன்று’ என்றே நின்றால், அதுதான் பிழை.

உண்மையில் மாறாத பக்கங்களே என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. சொட்டு மருந்துப் பக்கம் ஒன்று மூன்று வகைப் போலியோ வைரஸ்களுக்கும் எதிரானது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. இயற்கையாகப் பரவும் இரண்டாம் வகை ஒழிந்துவிட்டது என்று 2015 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2016 ஏப்ரலில் சொட்டு மருந்து கொடுக்கும் நாடுகள் எல்லாம் அந்த வகையை மருந்திலிருந்து நீக்கிவிட்டன. மருந்தில் வலுவிழக்கச் செய்து சேர்த்திருந்த இரண்டாம் வகையே சில இடங்களில் மாறிப் பரவி நோயைத் தந்ததுதான் காரணம். அப்படிப்பட்ட பரவல்கள் அதற்குப் பிறகும் தொடர்ந்ததால், எளிதில் வீரியம் பெறாதபடி மாற்றியமைத்த புதிய மருந்து 2021இல் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தனையும் நடந்து முடியும்வரை அந்தத் தமிழ்ப் பக்கம் பழைய வாக்கியத்தோடு அசையாமல் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தை எத்தனையோ பேர் கவனிக்கிறார்கள். தமிழில் பல பக்கங்களுக்கு ஆள் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது நான் அதிகம் யோசிப்பது வேறொன்றை. மேற்கோள் பக்கமே மாறினால் என்ன செய்வது? 2025 நவம்பர் 19 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்தில் ஆட்டிசமும் தடுப்பூசியும் பற்றிய பக்கம் மாற்றி எழுதப்பட்டது. தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்பது சான்றின் அடிப்படையிலான கூற்று அல்ல, ஏனென்றால் குழந்தைகளுக்குப் போடும் ஊசிகள் அதற்குக் காரணமாகலாம் என்ற சாத்தியத்தை ஆய்வுகள் முற்றாக ஒதுக்கிவிடவில்லை என்று எழுதினார்கள். பழைய தலைப்பை மட்டும் ஒரு நட்சத்திரக் குறியோடு விட்டுவைத்தார்கள். படித்ததும் அடையாளம் தெரிந்தது. அதே ‘இன்னும்’தான், இந்த முறை ஓர் அரசு நிறுவனத்தின் பக்கத்தில்.

எந்தப் புதிய ஆய்வும் அந்த மாற்றத்துக்குக் காரணமாக இருக்கவில்லை. எங்கள் பக்கங்களில் அந்த மையத்தை மேற்கோள் காட்டிய இடங்களையெல்லாம் அன்றிரவு உட்கார்ந்து பட்டியல் எடுத்தேன். வாக்கியங்களை மாற்றவில்லை, அவை தாங்கி நின்றது ஆய்வுகளின் மீது. இணைப்புகளை மட்டும் மாற்றினேன். பழைய அறிக்கை வேண்டிய இடத்தில் அதன் ஆவணப் பிரதியை, தேதியோடு வைத்தேன். மற்ற இடங்களில் காக்ரேன் மதிப்பாய்வையும் டென்மார்க் ஆய்வுகளையும் சேர்த்தேன். அமெரிக்கப் பக்கம் மாறிய செய்தியையும் தனி வரியாக, நடந்தது நடந்தபடி எழுதினேன். வாசகர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு ‘நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அவர்கள் ஒன்று சொல்கிறார்களே’ என்று குழம்பக் கூடாது அல்லவா?

நீங்கள் செய்யக்கூடியது எளிது. பக்கத்தின் மேலே ‘வரலாறு’ என்று இருக்கும். நீங்கள் முன்பு படித்த மாதத்தின் பதிப்பையும் இன்றைய பதிப்பையும் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். மாறிய சொற்கள் வண்ணத்தில் தெரியும். மேற்கோளும் சேர்ந்து மாறியிருந்தால் அந்த மேற்கோளைத் திறந்து தேதியைப் பாருங்கள். மேற்கோள் அப்படியே இருக்க எண்ணோ சொல்லோ மட்டும் மாறியிருந்தால், மேற்கோளைத் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அந்தப் பக்கத்தோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள், பயனர் கணக்குகூடத் தேவையில்லை. ஊசி போடுவதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் எங்கள் பக்கத்தை வைத்து எடுக்காதீர்கள். அதற்கு உங்கள் மருத்துவர் இருக்கிறார்.

எந்தப் பக்கம், ஏறக்குறைய எந்த மாதம் படித்தீர்கள் என்று கேள்வியில் சேர்த்துவிடுங்கள். அந்த மாதத்துப் பதிப்பை எடுத்து, நடுவில் யார் எதை மாற்றினார்கள் என்று வரிவரியாகப் பார்த்து இதே பதிலின் கீழே எழுதுகிறேன்.