பூச்சிப்பல்லில் பூச்சி உண்டா? பல் கேள்வி பதில்

கேள்வி: சொத்தையைப் 'பூச்சிப்பல்' என்கிறோமே, பூச்சி எங்கே இருக்கிறது?

பதில்: எங்கேயும் இல்லை. பல்லைப் புழு அரிக்கிறது என்று பாபிலோனியர் காலத்திலிருந்தே நம்பி வந்தார்கள். பிரான்சின் பியர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில் அதை மறுத்தார். உண்மைக் காரணத்தை 1890-ல் விளக்கியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர்: வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்குகிறது, அமிலம் பல்லின் கெட்டியான மேலோடான எனாமலைக் கரைக்கிறது. பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம். அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். நான்கு மிட்டாயை ஒரே நேரத்தில் தின்பதைவிட, மணிக்கு ஒன்றாகச் சப்புவதுதான் பல்லுக்குக் கேடு.

கேள்வி: பல்வலிக்கு வாயில் கண்டங்கத்திரி விதைப் புகை காட்டியபோது தண்ணீரில் புழு விழுந்ததைக் கண்ணால் பார்த்தேனே?

பதில்: பார்த்தது உண்மை, ஆனால் அது புழு இல்லை. ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் விதையை இதே போல எரித்தார்கள். சூட்டில் விதை வெடித்து வெளிவந்த வெள்ளை முளைக்கருவைப் புழு என்று காட்டினார்கள். கண்டங்கத்திரியும் அதே கத்தரிக் குடும்பம். விதைக்குள் கரு சுருண்டுதான் கிடக்கும். யார் வாயையும் காட்டாமல் தணலில் விதையைப் போட்டு, 'புழு' வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வலி தானாக நின்றால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பல்லின் உள்நரம்பு செத்தாலும் வலி நிற்கும். பிறகு வேர் நுனியில் சீழ் கட்டும்.

கேள்வி: பல்லைத் துளையிடுவது எப்போது தொடங்கியது?

பதில்: பலுசிஸ்தானின் மெஹர்கரில், இன்றைக்கு 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகளில் 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் துளை இருந்தது. ஆழம் அரை மில்லிமீட்டர் முதல் மூன்றரை மில்லிமீட்டர் வரை. வில்லில் கட்டிச் சுழற்றும் கல் ஊசிதான் கருவி. துளையின் விளிம்பு மெல்லுவதால் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போதே துளைத்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மயக்க மருந்து வந்ததோ வெகு பின்னால்: ஈதர் அமெரிக்காவின் பாஸ்டனில் எல்லோர் முன்னிலையிலும் வெற்றி கண்டது 1846-ல். அதைக் கொடுத்தவரும் ஒரு பல் மருத்துவர்தான், வில்லியம் மார்ட்டன்.

கேள்வி: அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரத்தால் செய்த பொய்ப்பல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம். மரம் கிடையாது.

கேள்வி: விளையாடும்போது முன்பல் வேரோடு விழுந்துவிட்டால்?

பதில்: நிரந்தரப் பல்லா என்று முதலில் பாருங்கள். வெள்ளையான மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடவே கூடாது. அழுக்கு இருந்தால் சில நொடி மட்டும் கழுவுங்கள், தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள். வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திசு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி எலும்பைப் பிடிக்கும். முடிந்தால் குழியிலேயே திருப்பி வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காய்ச்சி ஆறிய பாலில் போடுங்கள். தண்ணீரில் ஊறவிட்டால் அந்தத் திசு செத்துவிடும். அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். பால் பல்லாக இருந்தால் திருப்பி வைக்கவே வேண்டாம், கீழே வளரும் பல்லின் மொட்டு சிதைந்துபோகலாம்.