புது ஆம்ப் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்: கார் ஆடியோ கேள்வி பதில்

தூத்துக்குடி வாசகர்: அண்ணா, என்னிடம் பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. போன வருடம் டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாட்டினேன். ஆரம்பத்தில் நன்றாகத்தான் பாடியது. இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்தாலே ஸ்பீக்கரில் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. ஆம்ப் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் மாட்டிக் கொடுத்தவர். வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி. இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கும் சத்தத்துக்கு ஆம்ப் காரணமாக இருப்பது அபூர்வம். அது ஆல்டர்நேட்டரின், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரின் சத்தம். ஆல்டர்நேட்டருக்குள் உருவாவது ஏ.சி. கரண்ட். டையோடுகள் அதை டி.சி.யாக மாற்றினாலும் சின்ன அலை ஒன்று மிச்சம் இருக்கும். இன்ஜின் வேகம் கூடும்போது அந்த அலையின் சுருதியும் கூடும். எல்லா வண்டியிலும் இது உண்டு. எர்த் என்பது வண்டியின் பாடித் தகட்டோடு சேரும் மைனஸ் இணைப்பு. டேஷ்போர்டில் இருக்கும் செட்டின் எர்த்துக்கும் டிக்கியில் இருக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிட்டால், செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளி வலை வழியாகக் கரண்ட் ஓட ஆரம்பிக்கும். அப்போதுதான் அந்த அலை பாட்டுக்குள் நுழைகிறது.

ஆம்ப் நல்லதா என்பதைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். செட்டை ஆஃப் செய்துவிட்டு ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏ பின்களைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் போன் பின்னும் மறுபக்கம் ஆர்சிஏ பின்னும் உள்ள கேபிளால் உங்கள் போனை நேராக ஆம்ப்பில் சொருகுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது, அது முக்கியம். சார்ஜரில் போட்டால் அதுவும் வண்டியின் எர்த்தோடு சேர்ந்துவிடும், சோதனை கெட்டுவிடும். இப்போது செட்டையும் இன்ஜினையும் ஆன் செய்து, போனில் பாட்டைப் போட்டு ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். சத்தம் இல்லாமல் பாடினால் உங்கள் ஆம்ப் நன்றாக இருக்கிறது. அதன் விலையை மிச்சம் செய்துகொண்டீர்கள்.

அடுத்தது எர்த். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பேட்டரி மைனஸிலிருந்து டிக்கி வரை ஒரு நீள ஒயரை இழுத்து, கறுப்பு முனையை அதில் மாட்டுங்கள். சிவப்பு முனை ஆம்ப்பின் எர்த் டெர்மினலில். நல்ல பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை.

உங்கள் ஊரைப் படித்ததுமே எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம். உப்புக் காற்று படும் ஊர். பெயின்ட்டைச் சுரண்டி லக்கை (எர்த் ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) வைத்து முறுக்கிய இடம் மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும், போல்ட்டும் ஆடாது. கழற்றிப் பார்த்தால் லக்குக்கு அடியில் செம்பழுப்புப் பொடி வட்டமாகப் படிந்திருக்கும். அந்தத் துரு வழியாகத்தான் ஆம்ப் இழுக்கும் கரண்ட் முழுவதும் போக வேண்டும். அதை உப்புத்தாள் போட்டு, தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள். லக்கைப் புதிதாகக் கிரிம்ப் செய்து, ஸ்டார் வாஷர் வைத்து, நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள் அல்லது பெயின்ட் அடியுங்கள். லக்குக்கு அடியில் பெயின்ட் துளியும் இருக்கக் கூடாது. எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே கனத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பவர்கள் உண்டு. உயிர் காக்கிற போல்ட் அது, அதில் கை வைக்கவே வேண்டாம். புது ஓட்டை போடுவதாக இருந்தால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஸ்விஃப்டில் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

எர்த் சரியாகியும் சத்தம் நிற்கவில்லையா? அப்படியானால் செட்டைப் பார்க்க வேண்டும். சில செட்டுகளில் ஆர்சிஏயின் வெளி வளையத்தை எர்த்தோடு சேர்க்க, உள்ளே மிகச் சிறிய ஃபியூஸ் ஒன்று இருக்கும். செட் ஓடும்போதே பின்னைச் சொருகிப் பிடுங்கினால் அது எரிந்துவிடலாம். முதலில் ஆஃப் செய்யச் சொன்னது அதற்காகத்தான். ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் செட்டின் பாடிக்கும் இடையே மீட்டர் கிட்டத்தட்ட 0 ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் செட்டை ரிப்பேருக்குக் கொடுக்கலாம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்பார்கள். சத்தத்தை நிறுத்தும், ஆனால் மலிவானது பேஸையும் மெலிய வைத்துவிடும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

ஈரோடு வாசகர்: வூஃபரை மாற்றினேன். புதியது 4+4 ஓம் டூயல் காயில். பழைய இரண்டு சேனல் ஆம்ப்பையே பிரிட்ஜ் செய்து கொடுத்திருக்கிறேன். மெதுவாகப் பாடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப் நின்றுவிடுகிறது. ஏன்?

வூஃபருக்குள் இருக்கும் இரண்டு 4 ஓம் காயிலையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்திருப்பீர்கள். அப்படிச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும்போது, ஒவ்வொரு சேனலும் அதில் பாதியைத்தான், அதாவது 1 ஓமைத்தான் பார்க்கும். பெரும்பாலான இரண்டு சேனல், நாலு சேனல் ஆம்ப்புகள் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சிவப்பு விளக்கு உங்கள் ஆம்ப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப எரிய விடாதீர்கள். ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸ்ஸோடு சேர்த்து, மிச்சமுள்ள இரண்டு முனைகளை ஆம்ப்புக்குக் கொடுங்கள். 8 ஓம் ஆகும். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காமல் பாடும். முழு பலம் வேண்டுமென்றால் 2 ஓம் தாங்கும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் வாங்க வேண்டியதுதான்.

நாகர்கோவில் வாசகர்: ஆம்ப் மாட்டியதிலிருந்து இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரை எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகு ஆம்ப்பின் ரிமோட் டெர்மினலில் மீட்டரை வையுங்கள். சில விநாடியில் 0-வுக்கு வர வேண்டும். 12 வோல்ட் நின்றால் ஆம்ப் இரவு முழுக்க விழித்திருக்கிறது என்று அர்த்தம். வெளியில் வாங்கி மாட்டும் செட்டுகளில் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் இதற்கென்றே இருக்கும், அதில் மாற்றிக் கொடுங்கள்.

வேலூர் வாசகர்: அட்டைப் பெட்டியில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில்தான் பவர் கொடுத்திருக்கிறார்கள். ஒயர் சூடாகிறது, பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. கெபாசிட்டர் போடச் சொல்கிறார்கள்.

கெபாசிட்டர், அதாவது கரண்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தரும் டப்பா, அப்புறம். இன்றைக்கே அந்த ஒயரை பேட்டரியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்.

2000 வாட்ஸை மறந்துவிட்டு ஆம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 414 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப் அதில் 80 சதவீதத்தை வெளியே தந்தால்கூட 330 வாட்ஸ் சொச்சம். ஆம்ப் வாங்கப் போகும் எல்லோரும் பெட்டியைப் படிப்பதற்கு முன் ஃபியூஸைப் படியுங்கள்.

சரி, ஒயருக்கு வருவோம். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்றால், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் 30 ஆம்பியர் போகும்போது 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். அத்தனையும் சூடாக, உங்கள் கார்பெட்டுக்கு அடியில். அதே தூரத்துக்கு 8 கேஜ் செம்பு ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே கனத்தில் அது செம்பு அளவுக்குக் கரண்டைக் கடத்தாது.

அப்புறம், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஆம்ப்பில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். ஆம்ப்பில் இருப்பது ஆம்ப்புக்கு, பேட்டரி பக்கம் போடுவது ஒயருக்கு. இன்ஜின் ரூமிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ஒயர் உராய்ந்து தோல் கிழிந்தால், நடுவில் தடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது. அது இல்லையென்றால் பேட்டரி தன் முழு பலத்தையும் அந்த இடத்தில் கொட்டும், வண்டி தீப்பிடிக்கும். அந்த ஓட்டையில் ரப்பர் குரோமெட் போடச் சொல்லுங்கள், போட்டதைக் கண்ணால் பாருங்கள். இதையெல்லாம் செய்த பிறகு ஹெட்லைட் மங்குகிறதா என்று பார்த்து மறுபடி எழுதுங்கள். அப்போதும் மங்கினால் பேட்டரியையும் ஆல்டர்நேட்டரையும் சோதிக்க வேண்டும். கெபாசிட்டரால் அது தீராது.

காரைக்குடி வாசகர்: நாலு கதவிலும் புது ஸ்பீக்கர் போட்டேன். பேஸே இல்லை. ஏதோ ஒன்று தலைகீழாக மாட்டியிருக்கிறது என்கிறான் மகன்.

மகன் சரியாகச் சொல்கிறார். ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பேஸ் அடிபட்டுப் போகும். ஆம்ப் பக்கம் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஒயரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். ‘டப்’ என்று கோன் முன்னால் வர வேண்டும். உள்ளே போனால் அந்தக் கதவின் ஒயரை மாற்றிப் போடுங்கள். மகனை ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காரவைத்து, வலையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.