ரோமிங் பில்: செக் எழுதுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள்

கேள்வி: ஐயா, புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்கெடுக்க அடிக்கடி சென்னைக்கும் சூரத்துக்கும் போய்வருவேன். போனமுறை ரோமிங் பெக்கேஜ் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் சூரத்தில் சிக்னலே இல்லை. செட்டிங்கில் போய் வேறு நெட்வேர்க் ஒன்றைத் தெரிவு செய்த பிறகுதான் இணையம் வந்தது. அதற்குள் கோல் எடுபடாமல் தீபாவளி ஓடர் ஒன்று கைநழுவிப் போய்விட்டது. ஹொட்லைனில் பேசிய பிள்ளை பாதியிலேயே வெட்டிவிட்டாள். திரும்பி வந்தால் 187,000 ரூபாவுக்கு பில். என் கிரெடிட் லிமிட் 15,000தான். பதறிப்போய், "பாவித்தது உண்மை, இவ்வளவு வருமென்று தெரியாது, மூன்று தவணையில் கட்ட அவகாசம் தாருங்கள்" என்று ஈமெயில் போட்டேன். மூன்று செக் தரச் சொல்கிறார்கள். அவுட்கோயிங்கை வெட்டிவிட்டார்கள். பல வருடமாக வைத்திருக்கும் நம்பர் ஐயா. நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?
- வியாபாரி, கொழும்பு 11

பதில்: வழக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வெல்ல மாட்டீர்கள். நட்டஈட்டுப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் சிக்னல் கிடைப்பதற்குத் தாங்கள் உத்தரவாதமில்லை என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கம்பனிகளின் ஒப்பந்தத்திலும் இருக்கும். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தை வைத்து அந்த வரியை எதிர்க்க வழி உண்டு. அப்படி எதிர்த்து வென்றாலும் கைவிட்டுப்போன ஓடரின் இலாபம் உங்களுக்கு வராது. சிம் வாங்கிய நாளில், இந்த சிம்மை நம்பித்தான் உங்கள் வியாபாரம் நடக்கிறது என்பது கம்பனிக்குத் தெரியுமென்று காட்ட வேண்டும். அதை உங்களால் காட்ட முடியாது. ஹொட்லைன் பிள்ளை வெட்டியது மனதுக்கு வலிதான், நீதிமன்றத்துக்கு அது ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு முக்கியமானது ஒரே ஒரு வரி: "பாவித்தது உண்மை, தவணையில் கட்ட அவகாசம் தாருங்கள்."

அந்த ஈமெயில் போகும்வரை சுமை முழுவதும் கம்பனியின் தலையில் இருந்தது. எந்தக் கட்டணத்துக்கு நீங்கள் சம்மதித்தீர்கள், ரோமிங்கை எப்போது, எந்த வழியில் திறந்தீர்கள், எந்த நெட்வேர்க்கில் எத்தனை எம்பி டேட்டா போனது, லிமிட் தாண்டியபோது உங்களுக்கு அறிவித்தார்களா என்று ஒவ்வொன்றையும் அவர்கள்தான் நிரூபித்திருக்க வேண்டும். இந்திய நெட்வேர்க்கிலிருந்து வரும் பதிவேடுகளை முறைப்படி நீதிமன்றத்தில் முன்வைப்பது அவர்களுக்கும் இலேசான வேலையில்லை. இப்போது அந்த ஈமெயிலை இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, "அது வெறும் ஈமெயில்தானே" என்று சொல்லித் தப்ப வழியில்லை. காலவரையறையும் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம் என்பது 1871இலிருந்து இருக்கும் சட்டம். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

ஆனாலும் நிலைமை கைமீறவில்லை. "பாவித்தது உண்மை" என்பது பாவனையை ஒப்புக்கொள்வது. அந்தப் பாவனைக்கு இந்த விலை சரியென்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் இனி நீங்கள் நிற்க வேண்டும். முதல் ஈமெயிலை மறுக்காதீர்கள், மறுத்தால் பொய்யராகத் தெரிவீர்கள். இன்றே இரண்டாவது கடிதம் எழுதுங்கள்: பாவனையை ஒப்புக்கொண்டேன், விதித்த கட்டணத்தை ஏற்கவில்லை, ஒவ்வொரு இணைப்பின் நேரம், நெட்வேர்க்கின் பெயர், டேட்டா அளவு, அதற்குப் போட்ட விலை எல்லாவற்றையும் தாருங்கள் என்று. பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், ஈமெயிலிலும் அனுப்புங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று தலைப்பில் போட்டால் பாதுகாப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், உடனே எல்லாக் கடிதத்திலும் அதைப் போட்டுவிடுவார்கள். அந்தத் தலைப்பு சமரசம் பேசும் கடிதத்துக்கு மட்டும்தான். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அப்படிப் பேசியதை உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. ஆனால் பில்லை ஆட்சேபிக்கும் கடிதத்திலும் அதையே போட்டுவைத்தால், நாளைக்கு "நான் அன்றே ஆட்சேபித்தேன்" என்று நீங்கள் காட்டப் போகும்போது, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தத் தலைப்பைக் காட்டியே ஆட்சேபிப்பார். ஆகவே இரண்டு கடிதம். ஆட்சேபம் வெளிப்படையானது, அதில் தலைப்பு வேண்டாம். எவ்வளவு தரத் தயார் என்பது தனிக் கடிதம், அதில் தலைப்பைப் போடுங்கள்.

அப்புறம் அந்த மூன்று செக். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பிரதான வீதியில் வியாபாரம் செய்பவருக்குப் பிந்திய திகதியிட்ட செக் என்றால் தினசரிப் பழக்கம், யோசிக்காமலே எழுதிவிடுவீர்கள். இப்போது உங்களுக்கும் கம்பனிக்கும் இடையில் இருப்பது வெறும் பணப்பிணக்கு, சிவில் விஷயம். செக் கொடுத்த அந்த நிமிடம் கதை மாறுகிறது. கணக்கில் பணம் இல்லையென்று தெரிந்துகொண்டே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் குற்றம். பில் நியாயமா இல்லையா என்பதை அதன் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். செக் ஏன் திரும்பியது என்பதுதான் கேள்வி. சீசனில் உங்களிடம் சரக்கெடுத்தவர் ஒருவர் பணம் தரப் பிந்தினாலே உங்கள் கணக்கு வெறுமையாகிவிடும். சிறிய பிணக்கொன்றுக்குக் கொடுத்த செக்குக்காகப் புதுக்கடை நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்ற நல்ல வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் ஏமாற்றுக்காரர் இல்லை.

அடுத்தது உங்கள் நம்பர். கம்பனியிடம் இருக்கும் உண்மையான ஆயுதம் அதுதான், வழக்கு இல்லை. முதலில் அவுட்கோயிங், பிறகு இன்கமிங், பிறகு நிரந்தரத் துண்டிப்பு. அதன் பின் அந்த நம்பர் இன்னொருவருக்குப் போகும். என்னிடம் வந்த ஒருவர், "அநியாய பில்லுக்கு ஒரு சதம் கட்டமாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்துவிட்டு வேலைக்காக டோஹாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வீட்டுக்குப் பணம் மாற்றப் பார்த்தபோது, வங்கியின் ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போயிருக்கிறது. நம்பரை மாற்ற நேரில் வரச் சொன்னது வங்கி. அதற்காகவே லீவு எடுத்து, டிக்கெட் போட்டு வந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது, அதனால் அவருக்கு ஒரு பிரயோசனமும் கிடைக்கவில்லை. நீங்கள் இன்றைக்கே வங்கிக்குப் போய், வீட்டிலுள்ள நம்பகமான ஒருவரின் பெயரில் உள்ள நம்பருக்கோ உங்களுடைய இன்னொரு நம்பருக்கோ ஓடிபியை மாற்றிவிடுங்கள். கம்பனியின் பிடி தளர்ந்த பிறகு பேசினால் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

பில் உங்கள் கிரெடிட் கார்ட்டிலிருந்து தானாகக் கழியும்படி வைத்திருந்தால் அதையும் உடனே நிறுத்துங்கள். 187,000 ஒருமுறை கார்ட்டில் ஏறிவிட்டால் உங்கள் சண்டை வங்கியோடு. வட்டி ஓடும், கட்டாமல் விட்டால் வங்கிகள் பார்க்கும் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் நிலுவையாக விழும், நாளைக்கு சரக்குக்கு ஓவர்ட்ராப்ட் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

சரி, என்ன செய்வது? பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இதை வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. பெக்கேஜ் என்பது பெரும்பாலும் கம்பனி குறிப்பிட்ட நெட்வேர்க்குகளுக்கு மட்டும்தான். நீங்களே செட்டிங்கில் போய் வேறொன்றை மாற்றியதும் பெக்கேஜுக்கு வெளியே போயிருப்பீர்கள், அதன் பிறகு ஒவ்வொரு எம்பிக்கும் தனி விலை. இந்தியாவில் இறங்கியதும் வந்த எஸ்எம்எஸ்ஸில் இந்த விபரம் இருந்ததா என்று தேடிப் பாருங்கள், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அழிக்காதீர்கள். அவர்கள் பக்கத்து ஓட்டை உங்கள் கிரெடிட் லிமிட். 15,000 லிமிட் உள்ளவரை 187,000 வரை ஓடவிட்டது ஏன், இடையில் எத்தனை தடவை எச்சரித்தீர்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் சொல்வது கஷ்டம். லிமிட் என்பது கட்டண உச்சவரம்பு இல்லை என்று ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். காட்டட்டும், அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு வையுங்கள்.

வழக்கமான மாதக் கட்டணத்தை இப்போதே கட்டிவிடுங்கள். எதற்காகக் கட்டுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முழு பில்லுக்கும் பகுதிப் பணமாக அது பதிவாகும். மீதிக்கு, அதே டேட்டா பெக்கேஜுக்குள் போயிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அந்தத் தொகையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பாதி அளவில் முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். என் கட்சிக்காரருக்கும் அதைத்தான் சொல்வேன். பணம் கட்டுவதற்கு முன், இது முழுமையான இறுதித் தீர்வு, நிலுவை எதுவுமில்லை, இணைப்பு இன்ன திகதியில் மீளவரும் என்று கம்பனியின் கடிதத்தாளில் கையொப்பத்தோடு வாங்குங்கள். வசூல் முகவர் தொலைபேசியில் தரும் வாக்கை நம்பிக் கட்டியவர்கள், மாதங்கள் கழித்து மீதித் தொகைக்குக் கோரிக்கைக் கடிதம் வந்து என்னிடம் ஓடிவந்திருக்கிறார்கள்.

அவர்கள் பேச மறுத்தால் எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் 9ஆம் பிரிவு விசாரிக்கும் அதிகாரத்தை அதற்குத் தருகிறது. ஓடர் போனதற்கு அங்கே பணம் கிடைக்காது, ஆனால் முறைப்பாடு போனதும் கம்பனியில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்து பார்ப்பார். அந்த முறைப்பாட்டோடு உங்கள் ஆட்சேபக் கடிதத்தின் பிரதியை இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே கடிதம் முந்திப் போகட்டும்.