காத்தாலையில மிஞ்சுற கரண்ட்ல பிட்காயின் மைனிங் பண்ணலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்கு ஒரு பழைய 225 கிலோவாட் காத்தாலை இருக்குங்க, அப்பா 90கள்ல போட்டது. அதுல வர்ற யூனிட்டை வீலிங்ல (கிரிட் லைன் வழியா) எங்க சின்ன ஸ்பின்னிங் மில்லுக்கு எடுத்துக்கறோம், பேங்கிங்கும் (மிஞ்சின யூனிட்டை மின்வாரியக் கணக்குல சேத்துவச்சு அப்புறம் எடுத்துக்கறது) இருக்கு. சீசன்ல காத்து நல்லா அடிக்கறப்பதான் கிரிட்ல வாங்க முடியாதுன்னு நிறுத்தச் சொல்லிடறாங்க, பாக்க வயிறு எரியுது. வீணாப் போற அந்த கரண்ட்ல பிட்காயின் மைனிங் பண்ணலாம், பத்து மெஷின் வாங்கி வைங்க, சுற்றுச்சூழலுக்கும் நல்லதுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். இறங்கலாமுங்களா?

பதில்: உங்க நண்பர் சொல்ற ஐடியா நல்ல ஐடியாதான், உலகத்துல சில இடங்கள்ல நிஜமாவே நடக்குது, ஆனா உங்க இடத்துல இன்னைக்கு பத்து மெஷின் வாங்காதீங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன், நீங்களே போட்டுப் பாத்துக்கலாம்.

முதல்ல ஒரு மெஷின் என்ன சம்பாதிக்கும்னு பாப்போம். மைனிங்னா பிட்காயின் பரிமாற்றங்களைக் கட்டுக்கட்டா (அந்தக் கட்டுதான் பிளாக்) பதியறதுக்கு மெஷினுங்க போட்டி போட்டுக் கணக்குப் போடறது, ஜெயிக்கறவருக்குப் புது பிட்காயின் பரிசு. பிட்காயின் நெட்வொர்க்ல சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 144 பிளாக். 2024 ஏப்ரல் ஹாவிங்குக்கு (சுமார் நாலு வருஷத்துக்கு ஒருதடவை பரிசு பாதியாகறது) அப்புறம் ஒரு பிளாக்குக்கு பரிசு 3.125 பிட்காயின், ஆக உலகம் மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு 450 பிட்காயின்தான், யார் எத்தனை மெஷின் ஓட்டினாலும் இதே 450-ஐத்தான் பங்கு போட்டுக்கணும் (டிரான்ஸாக்‌ஷன் ஃபீஸ் கொஞ்சம் சேரும், அதை விட்டுடுவோம்). 2025-ல நெட்வொர்க்கோட மொத்த வேகம் ஒரு ஜெட்டாஹாஷ், அதாவது 100 கோடி டெராஹாஷ் அளவைத் தொட்டுச்சு (ஒரு ஹாஷ்னா மெஷின் போடற ஒரு கணக்கு முயற்சி, ஒரு டெராஹாஷ்னா செகண்டுக்கு லட்சம் கோடி முயற்சி). ஆன்ட்மைனர் எஸ்21 மாதிரி நல்ல மெஷின் ஒண்ணு 200 டெராஹாஷ், இழுக்கறது 3500 வாட். அப்ப உங்க பங்கு 50 லட்சத்துல ஒண்ணு. நாள் முழுக்க ஓட்டினா 0.00009 பிட்காயின் கிடைக்கும், அதுக்கு 84 யூனிட் போகும். பிட்காயின் விலை 80 லட்சம்னு வச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 720 ரூபா, யூனிட்டுக்கு எட்டரை ரூபா. அதே பழைய எஸ்19-னா 95 டெராஹாஷுக்கு 3250 வாட், அதுல யூனிட்டுக்கு 4 ரூபா 40 பைசாகூட முழுசா வராது. விலையும் நெட்வொர்க் வேகமும் தினமும் மாறும், நீங்க படிக்கிற அன்னைக்கு உள்ளதைப் போட்டு இதே கணக்கை ஒருதடவை திரும்பப் போடுங்க.

எட்டரை ரூபா பரவாயில்லையேன்னு தோணும், அதுல வரி கழியும். நம்ம நாட்டுல 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ வித்து வர்ற லாபத்துக்கு 30 சதவீதம், அதுக்கு மேல 4 சதவீத செஸ். நிறைய பேர் கவனிக்காத இடம் எதுன்னா, வாங்கின விலையைத் தவிர வேற எந்த செலவையும் கழிக்க முடியாது, மைனிங்குக்கு ஆன கட்டமைப்புச் செலவு 'வாங்கின விலை' ஆகாதுன்னு மத்திய அரசு 2022 மார்ச்ல பாராளுமன்றத்துல பதிலே சொல்லிட்டாங்க. மெஷின் விலை, ஷெட், கூலிங் எதுவும் கணக்குல வராது, நஷ்டம் வந்தா மில் வருமானத்தோட சரிகட்டவும் முடியாது. விக்கிறப்ப 1 சதவீத டிடிஎஸ் வேற. மைன் பண்ணின அன்னைக்கே அதை வருமானமா காட்டணுமாங்கிறதுல ஆடிட்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, உங்க ஆடிட்டர்கிட்ட எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. மொத்தத்துல எட்டரை ரூபா கையில ஆறு ரூபாகூட நிக்காது, பழைய மெஷின்னா மூணு ரூபா.

இப்ப உங்க மில்லைப் பாருங்க. ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்‌ஷன்ல ஒரு யூனிட் ஏழு ரூபாய்க்கு மேல, வீலிங், பேங்கிங் சார்ஜ் எல்லாம் போனாலும் உங்க காத்தாலை யூனிட் ஒவ்வொண்ணும் அந்த பில்லைத்தான் குறைக்குது. அதுல எந்த விலை ரிஸ்கும் கிடையாது. அதனால மில் எடுத்துக்கக்கூடிய ஒரு யூனிட்டைக்கூட மைனிங்குக்குத் திருப்பாதீங்க, பேங்கிங்ல போய் சேரக்கூடிய யூனிட்டும் அப்படித்தான். நிஜமான மிச்சம்னா அவங்க நிறுத்தச் சொன்ன நேரத்துல உருவாகாமப் போன யூனிட் மட்டும்தான். அது வருஷத்துக்கு எத்தனை மணி நேரம்? இந்த ஒரு எண்ணுலதான் எல்லாம் அடங்கியிருக்கு. 300 மணி நேரம்னு வைங்க, ஒரு எஸ்21 அதுல 1050 யூனிட் சாப்பிடும், வரி போக கையில ஆறாயிரம் ரூபா சொச்சம். வருஷத்துக்குங்க! மெஷின் விலையோ லட்சக்கணக்குல. 1500 மணி நேரம்னாகூட 31 ஆயிரம்தான், அதுக்குள்ள 2028-ல அடுத்த ஹாவிங் வந்து பரிசு பாதியாகிடும். மிச்ச கரண்ட் ஓசிங்கறது உண்மை, ஆனா மெஷின் ஓசி இல்லையே, அது வருஷம் பூரா ஓடினாத்தான் போட்ட காசை எடுக்கும். வருஷம் பூரா ஓட்டணும்னா காத்து இல்லாத நேரத்துல கிரிட்ல இருந்து இழுக்கணும், அப்ப 'வீணாப் போற காத்து மின்சாரம்'ங்கற பேச்சுக்கே இடமில்லாமப் போயிடும்.

இதோட இன்னொரு தடை இருக்கு, அதை மெஷின் விக்கிறவங்க யாரும் சொல்லமாட்டாங்க. 90கள்ல நம்ம ஊர்ல போட்ட 225 கிலோவாட் காத்தாலையில பெரும்பாலும் இருக்கறது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அது தனியா கரண்ட் உண்டாக்காது, கிரிட்டோட சேந்திருக்கணும், அங்கிருந்து ரியாக்டிவ் பவர் (காந்தப்புலத்தை உண்டாக்கற மின்சாரம்) வாங்கித்தான் அது வேலையையே தொடங்கும். ஃபீடர் ட்ரிப் ஆனாலோ உங்களை கிரிட்ல இருந்து பிரிச்சாலோ காத்தாலையும் நிக்கும், பக்கத்துல வச்ச மைனரும் நிக்கும். கிரிட்ல சேந்தே இருந்துக்கிட்டு வெளிய அனுப்பாம அங்கேயே லோடு போட்டு ஓட்டறதுன்னா மீட்டர், ரிலே, அனுமதி எல்லாம் புதுசா வேணும், வாரியத்துக்கு எழுதிக் கேட்டு கையில பேப்பர் வராம ஒரு கேபிள்கூட இழுக்காதீங்க. வீட்டு கனெக்‌ஷன்லயோ தோட்டத்து இலவச மின்சாரத்துலயோ ரெண்டு மெஷினை சொருகிப் பாப்போம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவுல அனுமதிச்ச காரியத்துக்கு வெளிய உபயோகிச்சா ரெட்டிப்பு டாரிஃப்ல பில் வரும்.

சரி, அப்ப இந்த ஐடியா எங்கதான் பலிக்குது? பூட்டானைப் பாருங்க. மழைக்காலத்துல ஆறு நிறைய தண்ணி, நீர்மின் நிலையம் எல்லாம் முழுசா ஓடும், மிச்சத்தை நமக்கு விப்பாங்க. பனிக்காலத்துல ஆறு வத்திடும், நம்மகிட்டயே வாங்குவாங்க. அந்த நாட்டு அரசோட முதலீட்டு நிறுவனமான ட்ருக் ஹோல்டிங் தான் மைனிங்ல இறங்குச்சு, 2023-ல பிட்டீர்ங்கற மைனிங் கம்பெனியோட சேந்து கெடுங்கற இடத்துல 100 மெகாவாட் மையத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க. மின்சாரத்துக்கும் மைனிங்குக்கும் முதலாளி ஒருத்தரே, எப்ப விக்கிறது லாபம் எப்ப மைன் பண்றது லாபம்னு ஒரே மேஜையில முடிவெடுக்கலாம். அதுல வந்த காசு அரசு ஊழியர் சம்பள உயர்வு வரைக்கும் போயிருக்கு. எனக்குத் தெரிஞ்சு மிச்ச மின்சாரம் ஊருக்குப் பயன்பட்டதுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்ல, அதுலயும் பனிக்காலத்துல அவங்க இறக்குமதி பண்ற கரண்ட்ல மைனிங் எவ்வளவு தின்னுதுங்கற கேள்வி இருந்துக்கிட்டேதான் இருக்கு.

காங்கோல விருங்கா தேசியப் பூங்கா, கொரில்லாக்கள் இருக்கற காடு, சண்டையும் கோவிடும் சேந்து சுற்றுலா வருமானம் நின்னு போச்சு. லுவிரோல அவங்க கட்டின சின்ன நீர்மின் நிலையத்துக்கு அந்த அளவுக்கு வாடிக்கையாளர் இல்ல, 2020-ல மைனிங் மெஷினை வச்சு அந்த மின்சாரத்தைக் காசாக்கினாங்க, காட்டைக் காக்கற செலவுக்கு அது உதவுச்சு. கென்யா, மலாவில கிரிட்லெஸ்ங்கற கம்பெனி கிராமத்து மினி கிரிட்டுகள்ல இதையே செய்யுது. கிராமத்துல வீடுங்க கொஞ்சம்தான் இழுக்கும், மிச்சத்தை மைனர் எடுத்துக்கும், நிலையத்தோட கடன் அடையும், அப்புறமா ஊரோட தேவை கூடக்கூட மைனர் விலகிக்கும். அந்த மாதிரி இடத்துல நான் மனசார ஆதரிப்பேன், ஏன்னா அந்த மைனர் இல்லேன்னா அந்த ஊருக்கு கரண்ட் வர்றதே தள்ளிப்போயிருக்கும்.

டெக்சாஸ் கதை வேற மாதிரி. மேற்கு டெக்சாஸ்ல காத்தாலை ஏராளம், ஊர்களுக்குக் கொண்டுபோக லைன் போதாது, சில ராத்திரிகள்ல மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழயே போயிடும். மைனருங்க அங்க போய் உக்காந்தாங்க. 2022 டிசம்பர் பனிப்புயல்ல கிரிட் தவிச்சப்ப பெரிய மையங்கள் மெஷினை அணைச்சு மின்சாரத்தை விட்டுக்கொடுத்தாங்க, உலக நெட்வொர்க் வேகமே அந்த ரெண்டு நாள்ல தெரியற அளவுக்கு இறங்குச்சு. ஒரு இரும்பு ஃபர்னஸை இப்படி நினைச்ச நேரத்துல அணைக்க முடியாது, மைனரை நிமிஷத்துல அணைக்கலாம், அதோட மதிப்பே அதுலதான் இருக்கு. ஆனா 2023 ஆகஸ்ட் வெயில்ல ரயட்ங்கற மைனிங் கம்பெனி மைன் பண்ணினது 333 பிட்காயின், அன்னைய விலைக்கு சுமார் 90 லட்சம் டாலர். மெஷினை அணைச்சதுக்கும் மின்சாரத்தைத் திருப்பி விட்டதுக்கும் அதே மாசம் கிடைச்ச கிரெடிட் 3 கோடியே 17 லட்சம் டாலர். அந்தக் காசு கடைசில யார் பில்லுல ஏறுதுன்னு அந்த ஊர் ஜனங்க கேக்கறாங்க, நியாயமான கேள்வி.

சுற்றுச்சூழலுக்கு நல்லதான்னு கேட்டீங்களே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2025-ல வெளியிட்ட அறிக்கைப்படி பிட்காயின் மைனிங் வருஷத்துக்கு சுமார் 138 டெராவாட் மணி மின்சாரம் எடுக்குது, உலக மின்சாரத்துல அரை சதவீதம். அதுல 52.4 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதும் அணுமின்சாரமும், மீதில பெரும்பங்கு எரிவாயு. நிலக்கரி முன்ன மாதிரி இல்லாம ரொம்பக் குறைஞ்சிருக்கு, இது நல்ல சேதிதான். ஆனா உலக சராசரி உங்க காத்தாலைக்குப் பொருந்தாது. நிறுத்தி வச்ச நேரத்துல ஓடினா உங்க மைனரால கூடுதல் கார்பன் பூஜ்யம், அதே மைனர் ராத்திரி காத்து விழுந்தப்புறம் கிரிட்ல இழுத்தா யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன், ஒரு எஸ்21 நாள் பூரா அப்படி ஓடினா கிட்டத்தட்ட 59 கிலோ. ஒரே மெஷின்தான், எந்த மணி நேரத்துல சுவிட்சைப் போட்டீங்கங்கறதுதான் வித்தியாசம். சீனாவுல சிச்சுவான்ல மழைக்காலத்துல நீர்மின்சாரம் மலிவுன்னு மெஷினெல்லாம் லாரில போகும், மழை முடிஞ்சா அதே லாரி ஜின்ஜியாங் பக்கம் நிலக்கரி கரண்டுக்குத் திரும்பும், 2021-ல தடை வர்ற வரைக்கும் வருஷா வருஷம் இதுதான் நடந்துச்சு. அந்தத் தடைக்கப்புறம் நிறைய மெஷின் நிலக்கரில ஓடற கஜகஸ்தானுக்குப் போய், அங்க மின்வெட்டு வந்து, 2022 ஜனவரில மைனருங்களுக்கு அரசே கரண்டை நிறுத்துச்சு. சீசன் மின்சாரத்தை நம்பி வந்த மெஷின் சீசன் முடிஞ்சா சும்மா இருக்காதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணாம்.

சத்தத்தையும் யோசிச்சுக்குங்க. ஒரு ஆன்ட்மைனர் 75 டெசிபல், பத்து வச்சா பக்கத்துத் தோட்டத்துக்காரர் தூங்க முடியாது. நார்வேல ஹாட்செல்ங்கற ஊர்ல சத்தம் தாங்காம ஜனங்க சண்டை போட்டு 2024-ல மைனிங் மையத்தை மூட வச்சாங்க. அந்த மையம்தான் மின்விநியோக கம்பெனி வருமானத்துல சுமார் 20 சதவீதம் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு, மூடினதும் ஊர் ஜனங்க பில் ஏறிடுச்சு. பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் லைன், டிரான்ஸ்ஃபார்மர் செலவைப் பங்கு போட்டுக்கறது நிஜமான பொருளாதார நன்மை, அதை நான் மறுக்கல. பஞ்சுத் தூசி இன்னொண்ணு, மில் ஷெட்டுக்குள்ள வச்சீங்கன்னா சூட்டை இறக்கற ஹீட்சிங்க் அடைச்சு போர்டு போயிடும். அடிக்கடி அணைச்சுப் போட்டாலும் போர்டுல சால்டர் விட்டுப்போகும், ஸ்லீப் மோடு இருக்கற ஃபர்ம்வேர் (மெஷினை இயக்கற உள் சாஃப்ட்வேர்) தேவைப்படும்.

அதனால இந்த சீசன்ல மெஷின் வாங்காம ஒரு நோட்டுப் போடுங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு நிறுத்தச் சொன்னாங்க, எப்ப திரும்ப விட்டாங்க, அப்ப காத்து வேகம் என்ன, மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும். ரெண்டு மணி நேரம் தொடர்ந்து நின்னதும் பத்து பத்து நிமிஷமா நின்னதும் வேற வேற, ரெண்டையும் பிரிச்சு எழுதுங்க. நோட்டு கையில இருந்தா அதை வச்சு மில்லுல எந்த லோடை சீசனுக்கு மாத்தலாம், பேட்டரிக்கு வழி இருக்கான்னும் பாக்கலாம், காத்தாலைக்காரங்க சேந்து வாரியத்துக்கிட்டயும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கிட்டயும் பேசறப்ப அதுதான் ஆதாரம். என் அபிப்ராயம், நம்ம ஊர்ல இது பலிக்கணும்னா தனித்தனி காத்தாலைக்கடியில பலிக்காது, சப்ஸ்டேஷன் அளவுல, நிறுத்தச் சொல்ற அதிகாரம் உள்ளவங்களே ஒரு லோடை வச்சு மிச்சத்தை எடுத்துக்கணும், பூட்டான் பண்ணின மாதிரி. அது பிட்காயினாத்தான் இருக்கணும்னும் இல்ல.

நோட்டுல வருஷத்துக்கு 2000 மணி நேரத்துக்கு மேல வந்து, வாரியத்துல இருந்து அனுமதிப் பேப்பரும் கையில இருந்தா, செகண்ட் ஹேண்ட் எஸ்19 ஒண்ணே ஒண்ணு வாங்கி ஒரு சீசன் ஓட்டிப் பாக்கலாம். குறைஞ்ச மணி நேரத்துக்கு விலை கம்மியான பழைய மெஷின்தான் சரி, திறன் குறைவா இருந்தாலும் ஓசி கரண்ட்ல அது பெருசா உறுத்தாது. மெஷினை நேர்ல ஓடவச்சுப் பாக்காம காசு கொடுக்காதீங்க. உங்க நண்பர் மெஷின் வித்தா கமிஷன் வாங்கறவரான்னு நேரடியா கேட்டுடுங்க, "நீங்க காசு மட்டும் கட்டுங்க, மைனிங்கை நாங்க பாத்துக்கறோம், மாசாமாசம் வந்துடும்"னு பேச்சு திரும்புச்சுன்னா அங்கேயே நிறுத்திக்குங்க.