முதியோர் இல்லத்தில் மருந்து: ஓய்வு பெற்ற மருந்தாளுநரிடம் கேள்வி பதில்

பெங்களூரு மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பெற்றோரையும் உறவினரையும் முதியோர் இல்லங்களில் சேர்த்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், மருந்து பற்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். மருந்தை நிறுத்தலாமா, அளவைக் குறைக்கலாமா என்பதை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.

அல்சூர் வாசகி: சர்ஜாபூர் சாலையில் ஓர் இல்லத்தில் அம்மா இருக்கிறார். மாத்திரை ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேட்டால், எல்லாம் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். எப்படி நம்புவது ஐயா?

நம்ப வேண்டாம் அம்மா. மருந்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்தவர் சுருக்கொப்பம் இட்டிருக்க வேண்டும். நண்பகலில் நீங்கள் பார்க்கும்போதே இரவு எட்டு மணி மாத்திரைக்கும் ஒப்பம் விழுந்திருந்தால், அது எப்படி நிரப்பப்படுகிறது என்பது விளங்கிவிடும். அடுத்து, அட்டையில் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணுங்கள். முதல் தேதி முப்பது வாங்கிக் கொடுத்தது, தினம் ஒன்று என்றால், பதினாறாம் தேதி காலை வேளைக்கு முன் பதினைந்து இருக்க வேண்டும். இருபது இருந்தாலும் கேள்வி, பத்து இருந்தாலும் கேள்வி. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் போடுவதையும் அனுமதிக்காதீர்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகும்.

இவற்றைவிட முக்கியமானது, இதய மருத்துவர், சர்க்கரை மருத்துவர், மூட்டு மருத்துவர் ஆகிய மூவரும் எழுதியவற்றை ஒரே தாளில் தொகுப்பது. மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயரன்று, உள்ளிருக்கும் மருந்தின் பெயர்), அளவு, வேளை, எதற்காக, எழுதியவர் யார் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் சாப்பிட்டுக் கால் வீங்கியவருக்கு, அந்த வீக்கத்தைத் தனி நோயாக எண்ணி வேறொருவர் நீர் பிரியும் மாத்திரை எழுதுவதும், அதனால் உப்புச்சத்து குறைந்து அவர் தள்ளாடி விழுவதும் நடக்கக்கூடியவை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே பழைய அட்டைகளை எடுத்து வந்துவிடுங்கள். இல்லையேல் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரு மடங்காக உள்ளே போகும்.

ஜெயநகர் வாசகர்: இம்மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

அட்டையில் உள்ள மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றில் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மல்லேஸ்வரம் வாசகி: தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு தருகிறார்கள்.

கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு தந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: அப்பாவுக்கு மறதி நோய். எல்லா மாத்திரைகளையும் பொடித்துத் தயிர்ச்சாதத்தில் கலந்து ஊட்டுகிறார்கள். சரிதானா?

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று இருப்பவை மெதுவாகக் கரைவதற்கென்றே செய்யப்பட்டவை. பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்றவற்றின் மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். தயிரிலுள்ள கால்சியம் தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாது. இன்னொன்று: அப்பா பாதிச் சாதத்தோடு போதும் என்று எழுந்துவிட்டால் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கும், பதிவேட்டிலோ முழு ஒப்பம் இருக்கும்.

இந்திராநகர் வாசகர்: மேலே சொன்னது ஏட்டுப் படிப்பு. என் தந்தை மாத்திரையைத் துப்பிவிடுகிறார். கலக்காவிட்டால் மருந்தே இறங்காது. பாசத்தினால் செய்வதைக் குற்றமாக்காதீர்கள்.

கலக்கவே கூடாது என்று நான் எழுதவில்லை. எதைக் கலக்கலாம் என்று கேட்காமல் கலக்கக்கூடாது என்கிறேன். ஏன் துப்புகிறார் என்று முதலில் பாருங்கள். வாய் உலர்ந்திருக்கலாம், விழுங்கச் சிரமமாக இருக்கலாம், மாத்திரை கசக்கலாம். சில மருந்துகள் சிரப்பாக உண்டு. மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பட்டையாகவே கிடைக்கிறது. அத்தனை மாத்திரைகளும் இன்னும் தேவையா என்பதை மருத்துவர் ஒருமுறை பார்த்தால் ஒன்றிரண்டு குறையவும் கூடும்.

அதே வாசகர்: அப்படியானால் அவருக்குத் தெரியாமல் கலப்பது ஏமாற்று என்கிறீர்களா?

புரிந்துகொண்டு மறுப்பவருக்குச் செய்தால், ஆம். புரிந்துகொள்ளும் நிலையிலேயே இல்லாதவருக்கு என்றால், மருத்துவரும் குடும்பத்தாரும் சேர்ந்து முடிவெடுத்து, எந்த மருந்து, எதில் கலப்பது என்று எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள். சமையலறையில் ஆயா எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது. இதைப் பாசத்தின் அளவுகோலாக்க வேண்டாம். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

பி.டி.எம். லேஅவுட் வாசகி: மாத்திரையின் கம்பெனி மாறிவிட்டது. கொடுக்கலாமா?

ஜெயநகர்க்காரருக்குச் சொன்னதுதான்.

கோரமங்களா வாசகர்: இல்லத்தில் சேர்ந்தபின் அம்மா பகலெல்லாம் தூங்குகிறார். அமைதியாகிவிட்டார் என்று மகிழ்கிறார்கள்.

மகிழ வேண்டாம். தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம், குளோனசெபம், குவெட்டியாபின் போன்ற எதுவும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா, யாருடைய சீட்டில் என்று இன்றே கேளுங்கள். மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் குவெட்டியாபின் வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிலவற்றைத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். சீட்டோடு நிம்ஹான்ஸ் (பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனை) போன்ற இடத்தில் காட்டுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

என் துறை அன்று. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழையுங்கள்.

ஹெப்பால் வாசகர்: கம்பெனி பெயர் மாறினால்...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

ஆர்.டி. நகர் வாசகி: அத்தைக்கு முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், மற்ற நாள்களில் ஃபோலிக் அமிலம். இல்லத்தில் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

நல்ல வேளை கேட்டீர்கள். இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். மாறிப்போய் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். பட்டியலில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதாமல், மருத்துவர் சொன்ன கிழமையின் பெயரையே கன்னடத்திலும் இந்தியிலும் பெரிதாக எழுதுங்கள். ஊழியர்கள் ஒடிசாவிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்தவர்களாக இருந்தால் அவர்களையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தனி டப்பாவில், நான்கு வாரத்துக்கு மேல் இல்லாமல் கொடுத்து வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கசிவு எது வந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.